மூழ்கிய தேதி

உதுமான் நெய்னா அண்டு கோ,
சரக்குப் படகுக்காரர்கள், வெல்டு கீ, பினாங்கு.
பலகையில் கொம்பு உதிர்ந்து 'நய்னா' ஆகியிருந்தார்
முதலாளி.

நான் வந்தது எடை போட.
பிறை ஆற்றுச் சேற்றில் மூன்று இரும்புப் படகுகள்:
பஹ்ரி, ஹமீதியா, சுலைகா.
உடைத்தால் எத்தனை டன், டன்னுக்கு எத்தனை வெள்ளி,
வங்கிக்கு ஒரு பக்க அறிக்கை.
கூடவே ஏழு பேரேடுகளைத் தலையில் கட்டினார்கள்,
கரையான் பாதி படித்து முடித்தவை.

அந்த நாளில் கப்பல் கரைக்கு வராது.
நடுக் கால்வாயில் நங்கூரம் போட்டுவிட்டு
மாப்பிள்ளை போல் காத்திருக்கும்.
இவை போய் அழைத்து வரும்,
அரிசியை, வெங்காயத்தை, சிமெண்டை;
திரும்புகையில் ஈயக் கட்டி, கித்தா பேல்.
இருபத்திரண்டு படகு, நூற்றுத் தொண்ணூறு ஆள்,
வெள்ளிக்கிழமை அரை நாள்.
பிறகு அக்கரையில் பெட்டிகள் வந்தன.
பெட்டியைத் தூக்க முதுகு வேண்டியதில்லை.

தகட்டின் தடிமன் பார்க்க
சுலைகாவின் விலாவைச் சுரண்டினேன்.
பச்சை. பச்சைக்கு அடியில் சாம்பல்.
சாம்பலுக்கு அடியில் செங்காவி.
அதற்கும் அடியில், பற்றவைத்த இரும்புத் தழும்பாக
ஆங்கிலத்தில் ஏழெழுத்து:
மஹ்மூதா.
சுலைகாவுக்கும் ஏழுதான்.
அளவெடுத்துத் தேடிய பெயர்.

நான்காம் பேரேடு, ஐம்பத்தெட்டு, அக்டோபர்:
"மஹ்மூதா கெடா ஓரம் காற்றில் மூழ்கியது.
கித்தா முந்நூற்றிருபது பேல், நட்டம்.
கூலியாள் தவசி, நட்டம்."
இன்சூரன்ஸ் வரவு பன்னிரண்டாயிரம்.
மனைவி பூவாயிக்குப் பற்று நூற்றைம்பது,
ரேகை வைத்துப் பெற்றுக்கொண்டது.

படகு இதோ கிடக்கிறது,
என் கைப்பிடிச் சுவரில் ஒரு கொக்கு.
அப்படியானால் தவசி?

மதியச் சோறு ஆறிப்போனது.
கூலிப் பட்டியலை விரித்தேன், பூதக்கண்ணாடியோடு.
தவசியின் இடது கட்டைவிரலில் குறுக்காக ஒரு வெட்டு,
வின்ச்சுக் கம்பி இழுத்திருக்க வேண்டும்,
ரேகைகள் அங்கே தடம் புரண்டு ஏறின.
ஜனவரியில் புது ஆள் சேர்க்கை: ஒண்டிவீரன்,
படகு சுலைகா.
அதே விரல். அதே வெட்டு.
இரும்பைப் போலவே ஆளுக்கும்
பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

கேட்டுத்தான் செத்தானா,
சொல்லிச் சாகடித்தார்களா, தெரியாது.
முந்நூற்றிருபது பேல் எந்தக் கிட்டங்கியில் உலர்ந்தது,
அதுவும் தெரியாது.

பதினாலு மாதம் கழித்து ஒரு வரி,
எந்தக் கிராணி எழுதினானோ, கை நடுங்கவில்லை:
"ஒண்டிவீரன் கலியாணம். அன்பளிப்பு வெள்ளி பத்து,
கைலி ஒன்று. பெண் பூவாயி, கைம்பெண்."

சத்தமாகச் சிரித்தேன். கொக்கு எழுந்து போனது.
அப்புறம் சிரிப்பு வரவில்லை.
பதினாலு மாதம் வெறும் நெற்றியோடு
லைன் வீட்டுக் குழாயடியில் நின்றிருப்பாள்,
ஆறுதல் சொன்னவர்களுக்கெல்லாம் அழுதிருப்பாள்.
அவன் எங்கே படுத்தான்?
அவன் இருமலை யார் இருமல் என்றாள்?
பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது.
கழற்றிய தாலியையே திரும்பக் கட்டினார்களா,
நூற்றைம்பதில் புதிதாக வாங்கினார்களா?
முதல் கலியாணத்துக்குக் கம்பெனி
ஒன்றும் கொடுத்ததாகக் காணோம்.

நாலு மணிக்கு ஆ லெக் லாரியோடு வந்தான்.
பழைய இரும்பு வாங்குகிறவனுக்குப் பொறுமை இல்லை.
"இதுக்கு என்ன பேர் போட?"
பேனாவை ஒரு தரம் உதறினேன்.
சுலைகா, எண்பத்து நாலு டன்.
"பெயின்ட் எடையைக் கழிக்கணும் அக்கா,
மேலே மேலே அடிச்சு வெச்சிருக்கானுங்க,
அரை டன் வரும்."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
பஹ்ரி லேசாகப் புரண்டு படுத்தது.
கழித்தேன்.